பாசிமணி பிறந்த கதை

கண்ணாடி போன்ற கூழ். அதற்குள் மில்லிமீட்டர் கணக்கில் நறுக்கிய பச்சை இழைகள். வெந்த ஜவ்வரிசிக்குள் யாரோ கொத்தமல்லித் தழையைப் பொடியாக அரிந்து வைத்ததுபோல இருக்கும். இங்கிலாந்தில் லஃபரோ நகருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு திசுவளர்ப்புக் கூடம் 2000-களின் கடைசியில் இந்த மணியைச் செய்து, ‘பீடாமாஸ்’ என்று பெயரும் வைத்தது. உள்ளே இருப்பது ஸ்பாக்னம் என்ற பாசி. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் காய்ந்த நிலையில் பொட்டலமாக வாங்குவார்களே, அதே வகை. வேரும் இல்லாத, விதையும் இல்லாத ஒரு செடிக்கு மனிதர்கள் செய்துகொடுத்த விதை என்று இதைச் சொல்லலாம். அப்படிச் செய்துகொடுக்கும் அவசியம் ஏன் வந்தது என்பதில்தான் கதையின் பெரும்பகுதி இருக்கிறது. மணி பின்னால்தான் வரும்.

இங்கிலாந்தின் முதுகெலும்பு என்று சொல்லப்படுவது பென்னைன் மலைத்தொடர். அதன் தென்கோடியில், ஒருபக்கம் மான்செஸ்டரும் மறுபக்கம் ஷெஃபீல்டும் இருக்க, நடுவில் நிற்கிறது பீக் மாவட்டம். 1951-ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. கிண்டர் ஸ்கவுட் 636 மீட்டர், பிளீக்லோ 633, பிளாக் ஹில் 582. நம் கணக்கில் இவையெல்லாம் குன்றுகள்தான். ஏற்காட்டின் பாதி உயரம்கூடக் கிடையாது. ஆனால் உச்சி கூராக இல்லாமல் மைல் கணக்கில் தட்டையாகப் பரந்து கிடக்கிறது. மரமில்லை. ஹெதர் புதரும் பருத்திப்புல்லும் ஈரமும் காற்றும் மட்டுமே. இத்தகைய நிலத்தைத்தான் ஆங்கிலேயர் மூர் என்கிறார்கள். ஆங்கில நாவல் படித்தவர்களுக்குப் பழகிய நிலம். அங்கே எப்போதும் மூடுபனியும் மனக்குழப்பமும் இருக்கும்.

இந்த மூரின் மேற்பரப்பில் இருப்பது சாதாரண மண் அல்ல, பீட். மழை அதிகம், குளிர் அதிகம், ஆவியாவது குறைவு. நீரில் ஊறிய நிலத்தில் காற்று புகாது. காற்று இல்லாவிட்டால் செத்த செடி மக்குவது மிக மிக மெதுவாகும். மக்காத பழைய செடியின்மேல் புதிய செடி, அதன்மேல் இன்னொன்று என்று ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் பல ஆயிரம் ஆண்டுகள் சேர்ந்து, சில மீட்டர் ஆழத்துக்குக் கறுப்பாகப் படிந்திருக்கிறது. ஆற்று நீரோ ஊற்று நீரோ இதற்கு வருவதில்லை. மழை கொடுப்பதுதான் தண்ணீர், மழை கொடுப்பதுதான் உணவு. பின்னால் நடந்த எல்லாக் கேட்டுக்கும் வழி இதுதான்.

உலகின் நிலப்பரப்பில் பீட் நிலங்கள் ஏறத்தாழ மூன்று விழுக்காடு. அந்த மூன்று விழுக்காட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் கார்பன், உலகின் காடுகள் எல்லாம் மேலே சுமந்து நிற்கும் கார்பனைவிட அதிகம். காடு அழிந்தால் செய்தி வருகிறது. சேற்று நிலம் காய்ந்தால் ‘நிலம் பண்பட்டது’ என்று நெடுங்காலம் பாராட்டினார்கள்.

இந்த பீட்டைக் கட்டிய கொத்தனார்களில் முதன்மையானது ஸ்பாக்னம். அதன் இலை ஒரே ஒரு செல் தடிமன். அந்தச் செல்களிலும் பெரும்பாலானவை செத்து வெறுமையானவை. சுவரில் துளையோடு நீர் பிடித்து வைப்பதற்கென்றே இருப்பவை. காய்ந்த எடையைப்போல இருபது மடங்குவரை நீரைப் பிடித்துக்கொள்ளும். நீரிலுள்ள உப்புகளை உறிஞ்சிக்கொண்டு பதிலுக்கு அமிலத்தை வெளியே விடும். அந்த அமிலத்தில் மற்ற செடிகள் தத்தளிக்கும், நுண்ணுயிர்கள் சோம்பிப்போகும், மக்கும் வேலை இன்னும் தாமதமாகும். தனக்குத் தோதான சேற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் செடி. முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைகளில் இதைச் சுத்தம் செய்து காயத்தில் வைத்துக் கட்டினார்கள். சீழையும் உறிஞ்சும், கிருமியையும் வளரவிடாது.

இவ்வளவு திறமைசாலிக்கு ஒரு பலவீனம். வேர் கிடையாது, இலைமேல் மெழுகுப் பூச்சு கிடையாது. மழையில் எது கரைந்து வந்தாலும் உடம்பு முழுவதாலும் அப்படியே குடித்துவிடும்.

மான்செஸ்டர் என்றால் நமக்கு ஆலைதான் நினைவுக்கு வரும். கோயம்புத்தூருக்கே அந்தப் பெயரைப் பட்டமாகக் கொடுத்து வைத்திருக்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அந்த நகரம் நிலக்கரியை எரித்துப் பருத்தி நூற்றது. புகைபோக்கிகளை உயரமாகக் கட்டினார்கள். அதனால் தெருவில் புகை குறைந்தது, மலையில் கூடியது. மேற்குக் காற்று அடிக்கும் நாட்டில் நகரத்துக்குக் கிழக்கே மலை இருந்தால் வேறென்ன நடக்கும்? ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர் 1852-லேயே மான்செஸ்டரைச் சுற்றிப் பெய்த மழையைப் பிடித்துச் சோதித்து, நகரத்தை நெருங்க நெருங்க அதில் கந்தக அமிலம் கூடுவதை எழுதினார். பிறகு தொழிற்சாலைக் காற்றைக் கண்காணிக்கும் சட்டத்தின்கீழ் அரசின் முதல் ஆய்வாளராகவும் ஆனார். 1872-ல் வந்த ‘ஏர் அண்ட் ரெயின்’ என்ற அவருடைய நூலில் ‘அமில மழை’ என்ற சொல் இருக்கிறது. நூறாண்டு கழித்து உலகம் அந்தச் சொல்லைப் புதிதுபோலக் கையில் எடுத்துக்கொண்டது.

ஸ்மித் நகரத்துக் கட்டடங்களைப் பற்றியும் மனிதர் சுவாசத்தைப் பற்றியும் கவலைப்பட்டார். மலையுச்சியில் ஒரு பாசி செத்துக்கொண்டிருந்ததை அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர்கள், அதுவும் 1960-களில். ஜான் டாலிஸ் தென் பென்னைன் பீட்டைக் குழாயிட்டுத் தோண்டி எடுத்து அடுக்கடுக்காகப் பார்த்தார். கீழே முழுக்க ஸ்பாக்னத்தின் மிச்சம். மேலே வர வர, புகைக்கரித் துகள் தென்படத் தொடங்கும் அடுக்கையொட்டி ஸ்பாக்னம் குறைந்து மறைகிறது. சாட்சி அங்கேயே புதைந்து கிடந்தது. அதே பல்கலைக்கழகத்தில் ஜான் லீயும் அவருடைய சகாக்களும் 1970-களில் கந்தகச் சேர்மம் கலந்த நீரில் பாசியை வளர்த்துப் பார்த்து, எந்த அளவில் எந்த இனம் சாகிறது என்று காட்டினார்கள். ஒன்றிரண்டு முரட்டு இனங்கள்தான் தாக்குப்பிடித்தன. பீட்டைக் கட்டும் நல்ல இனங்கள் முதலில் போயின.

பாசி போனதும் மலை உடனே பாழாகிவிடவில்லை. பருத்திப்புல்லும் ஹெதரும் கொஞ்சநாள் தாங்கின. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உணவு உற்பத்தியைக் கூட்ட அரசு மலை ஆடுகளுக்குத் தலைக்கணக்கில் மானியம் கொடுத்தது. ஆடு பெருகியது, புல் கரைந்தது. வறண்ட கோடைகளில் தீ. நீரில் ஊறிய பாசி மேலே இருந்த காலத்தில் தீ மேய்ந்துவிட்டுப் போயிருக்கும். பாசியில்லாத காய்ந்த பீட்டில் தீ கீழே இறங்கி வாரக்கணக்கில் புகைந்தது. அதுவும் போதாதென்று கால்கள். 1932-ல் கிண்டர் ஸ்கவுட்டில் நடக்கும் உரிமை கேட்டு ஆலைத் தொழிலாளர் கூட்டம் வேட்டைக்காரப் பிரபுக்களின் காவலாளிகளைத் தாண்டி ஏறியது. சிலர் சிறைக்கும் போனார்கள். நியாயமான போராட்டம். அதன் வெற்றியாக 1965-ல் பென்னைன் வே என்ற நெடும்பாதை திறக்கப்பட்டபோது, செடி பிடிக்காத பீட்டில் ஆயிரக்கணக்கான பூட்ஸ்கள் இறங்கின. நடைவழி நூல்களுக்குப் பேர்போன ஆல்ஃபிரட் வெயின்ரைட்டே பிளாக் ஹில்லின் சேற்றில் சிக்கிக்கொண்டார். அவரைப் பிறர் இழுத்தெடுக்க வேண்டியிருந்தது. அந்த உச்சிக்குப் பெயரே கறுப்பு மலை. அப்போது அது பச்சை ஒரு இணுக்குக்கூட இல்லாத கறுப்பு.

பிற்பாடு அந்தப் பாதையில் கல் பாவினார்கள். கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கிருந்து கிடைத்தன தெரியுமா? இடித்த பழைய பருத்தி ஆலைகளின் தரையிலிருந்து. பாசியைக் கொன்ற ஆலை, பாசியில்லாத சேற்றில் மனிதர் மூழ்காமல் இருக்கக் கல்லாக மலையேறியது. கதாசிரியர் யாராவது எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்போம்.

செடியில்லாத பீட் ஓரிடத்தில் நிற்காது. குளிர்காலத்தில் அதிலுள்ள நீர் ஊசி ஊசியாக உறைந்து மேல்மண்ணைத் தூக்கிப் பிளக்கும். வசந்தத்தில் அது காய்ந்து பொருக்காகும், காற்று அள்ளும், மழை கழுவும். சேர்ந்தது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர். கரைந்தது ஆண்டுக்குச் சென்டிமீட்டர் கணக்கில். நீர் ஓடிய தடமெல்லாம் ஆள் மறையும் ஆழத்துக்கு ஓடைகளாக அறுந்தன. கீழே மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் பீட் வந்து படிந்தது, தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது, நிறம் நீக்க நீர் நிறுவனங்கள் செலவழித்தன. மழையோடு நூற்றாண்டுகளாக வந்து பீட்டில் ஒட்டிக்கொண்ட ஈயமும் பீட்டோடு சேர்ந்து ஆற்றுக்கு இறங்கியது. பீட்டுக்குள் அடங்கிக் கிடந்த கார்பனோ காற்றுக்குத் திரும்பியது.

1952-ல் லண்டனில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற புகைமூட்டத்துக்குப் பிறகு 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரி அடுப்புகள் மறைந்தன, ஆலைகளும் மூடின. 1970-களுக்குப் பின் காற்றில் கந்தகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. பாசி திரும்ப வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. இதுதான் எனக்கு இந்தக் கதையின் முக்கியமான இடமாகப் படுகிறது. நஞ்சை நிறுத்திவிட்டால் இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று நாம் நம்ப விரும்புகிறோம். சரிசெய்துகொள்ள மிச்சமாக ஏதாவது இருக்க வேண்டும். ஸ்பாக்னத்தின் வித்துத்தூள் காற்றில் வரலாம். வந்து விழுந்தால் அங்கே இருப்பது காய்ந்து, உறைந்து, நகர்ந்துகொண்டிருக்கும் கறுப்புத் தூள். வினிகரோடு போட்டியிடும் அமிலம். ஒட்டிக்கொள்ள ஓர் இலை நிழல் இல்லை.

முதலில் மலை நகராமல் நிற்க வேண்டும். அந்த வேலைக்குப் புகழ் கிடைக்கவில்லை, ஆனால் மணியின் கதையில் பாதி அதுதான். பீக் தேசியப் பூங்கா 1970-களின் இறுதியில் மண்ணரிப்பு ஆய்வைத் தொடங்கி, 1981-ல் முதல் அறிக்கையை வெளியிட்டது. அதை எழுதியவர்களில் டாலிஸும் ஒருவர். எங்கே எவ்வளவு வெற்றுத்தரை, ஏன் என்று பட்டியலிட்ட அறிக்கை. அடுத்தடுத்த அறிக்கைகளில் சூழலியலாளர் பென்னி ஆண்டர்சனும் மற்றவர்களும் சிறு பாத்திகளில் வேலி போட்டு, சுண்ணாம்பு போட்டு, உரம் போட்டு, புல் விதைத்து, எது முளைக்கிறது எது சாகிறது என்று ஆண்டுகள் கணக்கில் எழுதி வைத்தார்கள். ஆட்டைத் தடுத்தால் மட்டும் போதாது, அமிலத்தைக் கொஞ்சம் தணிக்காமல் எதுவும் முளைக்காது என்பதெல்லாம் அந்தப் பாத்திகளில் தெரிந்தது. 1997-ல் மூன்றாம் அறிக்கை வந்தபோது கையில் ஒரு செய்முறை இருந்தது. பணம் இல்லை.

2003 ஏப்ரலில் பிளீக்லோ பற்றியெரிந்தது. சதுர கிலோமீட்டர் கணக்கில் போயிற்று. அதே ஆண்டில்தான் ‘மூர்ஸ் ஃபார் த ஃபியூச்சர்’ என்ற கூட்டமைப்பு, பரிசுச்சீட்டு வருமானத்திலிருந்து வரும் மரபு நிதியின் ஏறத்தாழ 47 லட்சம் பவுண்டைக் கொண்டு வேலை தொடங்கியது. தேசியப் பூங்கா, நீர் நிறுவனங்கள், நேஷனல் டிரஸ்ட், அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை எல்லாம் ஒரே மேசைக்கு வந்தன. லாட்டரிச் சீட்டுக் காசு சேற்றைக் காப்பாற்றப் போனது என்று கேட்டால் நம் ஊரில் சிரிப்பார்கள். அங்கே அரண்மனைக்கும் அருங்காட்சியகத்துக்கும் போகும் காசு அது.

செய்முறை இப்படி. சாலை போடவே முடியாத மலை, ஆகவே எல்லாம் ஹெலிகாப்டரில். முதலில் வேறு மூர்களில் வெட்டிய ஹெதர் கிளைகளைப் பெரிய பைகளில் கொண்டுபோய் இறக்கிக் கையால் பரப்புவார்கள். கிளை காற்றைத் தடுக்கும், ஈரத்தைக் காக்கும், தன்னிடமுள்ள விதையையும் உதிர்க்கும். செங்குத்தான ஓடைக்கரைகளில் சணல் வலையை விரித்து முளையடிப்பார்கள். பிறகு சுண்ணாம்பும் உரமும், வேகமாக வளரும் புல்விதையும் மேலிருந்து தூவப்படும். அந்தப் புல் அந்த மலைக்குரியதல்ல. அதற்கும் அது தெரியும். சுண்ணாம்பும் உரமும் தீர்ந்ததும் சில ஆண்டுகளில் தளர்ந்து, உள்ளூர்ச் செடிகளுக்கு இடம் விட்டு விலகும். ஓடைகளில் கல்லாலும் மரத்தாலும் பிளாஸ்டிக் தகட்டாலும் குட்டித் தடுப்பணைகள். தென்னை நார் உருளைகளையும் போட்டுப் பார்த்தார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் கறுப்பு பச்சையானது. பிளாக் ஹில்லின் பெயருக்கும் நிறத்துக்கும் சம்பந்தம் அற்றுப்போனது.

பச்சையானது, ஆனால் மூர் ஆகவில்லை. புல் மண்ணைப் பிடித்து வைக்கும், பீட் கட்டாது. பீட் கட்டுவதற்குக் கொத்தனார் வேண்டும். கொத்தனார் ஊரிலேயே இல்லை.

கனடாவில் இதற்கு ஒரு வழி ஏற்கனவே இருந்தது. கியூபெக்கின் லாவல் பல்கலைக்கழகத்தில் லீன் ரோஷ்ஃபோரும் அவருடைய குழுவினரும் 1990-களில் உருவாக்கியது. தோட்டக்கலைக்காக பீட் தோண்டி முடித்த வயல்களில், பக்கத்திலிருக்கும் நல்ல சதுப்பின் மேல்பாசியை எந்திரத்தால் வழித்து வந்து எருப்போலச் சிதறி, வைக்கோல் மூடிவிடுவார்கள். ஒரு சதுர மீட்டர் பாசியைக்கொண்டு பத்துச் சதுர மீட்டரை மீட்கலாம். வழித்த இடமும் சில ஆண்டுகளில் ஆறிவிடும். நல்ல முறைதான். ஆனால் அதற்கு டிராக்டர் ஓடும் தட்டையான வயல் வேண்டும், பக்கத்தில் பாசி கொடுக்கும் சதுப்பு வேண்டும். தென் பென்னைனில் இரண்டும் இல்லை. பிரிட்டனில் வேறெங்கோ இருக்கும் நல்ல ஸ்பாக்னப் படுகைகள் பெரும்பாலும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. ஒரு மலையைக் காப்பாற்ற இன்னொரு மலையை மொட்டையடிக்க யார் அனுமதிப்பார்கள்?

எனவே கேள்வி மாறியது: ஒரு கைப்பிடிப் பாசி மட்டும் கிடைத்தால், அதை வைத்து ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு என்ன செய்யலாம்?

திசுவளர்ப்புத் தொழில் தெரிந்தவர்களுக்கு இது பழகிய கேள்வி. நம் ஊரில் வாழைக்கன்றை அப்படித்தான் பெருக்குகிறார்கள். லஃபரோ பக்கத்து நிறுவனமும் நாற்றுப் பண்ணைகளுக்குத் திசுவளர்ப்புச் செடிகள் செய்து விற்றுவந்ததுதான். பாசியை மட்டும் அதற்கு முன் யாரும் அவ்வளவு அளவில் பெருக்கியதில்லை. இயல்பாகவே ஸ்பாக்னத்துக்கு ஒரு வசதி உண்டு: தண்டை எங்கே வெட்டினாலும் துணுக்கு தனிச்செடியாகத் தளிர்க்கும். சங்கடம், அதைச் சுத்தம் செய்வது. காட்டிலிருந்து வரும் பாசியில் பூஞ்சை, ஆல்கா, புழு, மற்ற செடிகளின் வித்து என்று ஓர் ஊரே குடியிருக்கும். அதையெல்லாம் கொல்லும் மருந்து, ஒரு செல் தடிமனுள்ள இலையையும் கொன்றுவிடும். அதைத் தாண்டிக் கிருமி நீங்கிய ஓர் இழை கிடைத்துவிட்டால் பிறகு கவலையில்லை. ஜாடியில் வளர்த்து, நறுக்கி, மறுபடி வளர்த்து, மறுபடி நறுக்கி, கணக்கில்லாமல் பெருக்கலாம். இனங்களைத் தனித்தனியே வளர்த்து வேண்டிய விகிதத்தில் கலக்கவும் முடிந்தது. மூருக்குப் போன கலவைகளில் பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தன. குட்டையில் மிதப்பவை சில, மேடு கட்டுபவை சில.

பெருக்கியதை மலைக்கு எப்படிக் கொண்டுபோவது? நறுக்கிய பாசியை அப்படியே தூவினால் ஒரு வெயிலில் காய்ந்து, ஒரு காற்றில் பறந்துவிடும். நிறுவனத்தார் இழைகளைக் கூழில் பொதிந்தார்கள். கூழ் கொஞ்சநாள் ஈரம் காக்கும். மணிக்கு எடை இருப்பதால் காற்றில் போகாது. உருண்டு புல்லின் இடையே இறங்கித் தரையைத் தொடும். கையால் விதைக்கலாம், மேலிருந்தும் தூவலாம் என்பது திட்டம். மூர்ஸ் ஃபார் த ஃபியூச்சரும் மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் சைமன் கேப்போர்னின் குழுவும் சோதனைப் பாத்திகளைப் போட்டார்கள். 2010-ல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘மூர்லைஃப்’ நிதி கிடைத்ததும் மணிகள் பெருமளவில் மலையேறின.

முடிவு கலவையாக இருந்தது என்று சொல்வது மரியாதை. வெற்றுத் தரையில் விழுந்த மணி பெரும்பாலும் செத்தது. பனி தூக்கிப் போட்டது, மேலே வந்த பீட் மூடிப் புதைத்தது. ஏற்கனவே புல்லோ பருத்திப்புல்லோ நிழல் பிடித்து ஈரமாக இருந்த இடத்தில் விழுந்தவை பிழைத்தன. ஆனால் பிழைத்ததைக் கண்ணால் காணவே ஓரிரண்டு ஆண்டுகள் ஆயின; மில்லிமீட்டர் அளவில் தொடங்கும் செடியிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?  முப்பது ஆண்டுகளாகச் சுண்ணாம்பும் சணலும் சுமந்தவர்கள் மட்டும் இந்தத் தாமதத்தில் வியப்படைந்திருக்க மாட்டார்கள்.

அதனால் மணி வளர்ந்து வேறு உருவம் எடுத்தது. அதே இழைகளைக் கூழாகவே தடவிப் பார்த்தார்கள். பிறகு கூடத்திலேயே சில மாதம் வளர்த்து, நம் காய்கறிப் பண்ணைகளில் மிளகாய், தக்காளிக்குச் செய்வார்களே, அந்தக் குழித்தட்டு நாற்றுபோலப் பாசியைக் கொத்தாக ஆக்கினார்கள். கொத்துக்குள் இழைகள் நெருங்கி நிற்பதால் ஒன்றின் ஈரத்தை மற்றது காக்கும். கோலால் துளைபோட்டு ஒவ்வொன்றாக நட வேண்டும், ஆள்கூலி அதிகம், ஹெலிகாப்டர் தூவாது. ஆனால் பிழைத்தது. ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகளில் கொத்து நாற்றுதான் முந்தியது, மணி பின்தங்கியது. இன்று கிண்டரிலும் பிளீக்லோவிலும் தொண்டர்களும் கூலியாட்களும் மழையில் குனிந்து நடுவது பெரும்பாலும் இவற்றைத்தான்.  வானத்திலிருந்து விதை தூவுவதில் இருக்கும் கவர்ச்சி, குனிந்து நடுவதில் இல்லை.

இதனால் மலைக்கு என்ன ஆயிற்று என்பதை மான்செஸ்டர் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் அளந்தார்கள். கிண்டரின் விளிம்பில் சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள்; ஒன்றைக் கறுப்பாகவே விட்டார்கள், ஒன்றில் செடி மட்டும், இன்னொன்றில் செடியோடு ஓடைத் தடுப்பும். 2019-ல் வெளியான முடிவின்படி, ஓடிவந்த மொத்த நீரின் அளவு மாறவில்லை. மாறியது வேகம். செடி பிடித்த சரிவில் புயல்மழை நீர் ஓடையை அடைய இரு மடங்கு நேரம் எடுத்தது, வெள்ளத்தின் உச்சம் கால் பங்குக்குமேல் தணிந்தது. தடுப்பும் சேர்ந்த இடத்தில் இன்னும் தணிவு. பிந்தைய அளவீடுகளில், ஸ்பாக்னம் பரவிய பிறகு அதற்கும் மேல். மலையடிவார ஊர்கள் வெள்ளத்துக்குப் பயப்படும் காலத்தில் இந்த எண்களுக்கு மதிப்பு உண்டு. 

இவ்வளவுக்கும் அடியில் ஒரு சங்கடமான கேள்வி கிடக்கிறது. மலைமேல் போர்த்தினாற்போலப் படியும் இந்த வகை பீட்டுக்குக் குளிர்ந்த, ஈரமான தட்பவெப்பம் ஓயாமல் தேவை. பிரிட்டனில் அதன் தென்கிழக்கு எல்லைக்கு அருகில், வெப்பமும் வறட்சியும் கூடிய ஓரத்தில் நிற்பது பீக் மாவட்டம். 2010-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வுகளும், 2012-ல் கயேகோ-சாலா, பிரென்டிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் உலகளவில் செய்த கணக்கும் ஒரே பக்கம் கை நீட்டின: வெப்பம் ஏறினால் இந்த நிலத்துக்குப் பொருந்தும் தட்பவெப்பம் நூற்றாண்டின் இறுதிக்குள் பல இடங்களில் சுருங்கிவிடும். அப்படியானால் பருவம் கைவிடப்போகும் மலையில் கோடிக்கணக்கில் பாசி நடுவது எதற்கு?

இதற்கு ஆய்வாளர்கள் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. எனக்கு ஒப்புக்கொள்ளும்படி இருக்கும் பதில் இது: அந்தக் கணக்குகள் பீட் புதிதாகத் தொடங்க ஏற்ற பருவத்தைச் சொல்கின்றன, ஏற்கனவே இருக்கும் ஒரு சதுப்பு, பாசி மூடி ஈரமாக இருந்தால், பருவம் மாறினாலும் நெடுங்காலம் தன் ஈரத்தைத் தானே காத்து நிற்கக்கூடும். பல ஆயிரம் ஆண்டுகளில் அது வெப்பத்தையும் வறட்சியையும் பார்த்தே வந்திருக்கிறது. வெற்றுத் தரையாகக் கிடக்கும் பீட்டுக்கு அந்த வாய்ப்புகூட இல்லை. 2018 ஜூனில் மான்செஸ்டருக்குக் கிழக்கே சாடில்வொர்த் மூர் தீப்பிடித்தபோது ராணுவத்தை அழைக்க வேண்டிவந்தது. அடிவாரத்தில் சில குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறின. இருநூறு ஆண்டுகள் நகரம் மலைக்கு அனுப்பிய புகை அந்த வாரம் மலையிலிருந்து நகரத்துக்கு இறங்கியது. நீர் ததும்பும் பாசியில் அப்படியொரு தீ அவ்வளவு ஆழம் இறங்காது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு அதிகமில்லை.

பாசியை நட்டு வளர்க்கும் வேலை இப்போது மலையைவிட்டு வயலுக்கும் இறங்கியிருக்கிறது. ஜெர்மனியில் லோயர் சாக்ஸனியின் ஹன்க்ஹவுசனில் 2011 முதல் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தார் ஸ்பாக்னத்தைப் பயிராகவே வளர்த்து அறுக்கிறார்கள். இங்கிலாந்தில் லங்காஷயரின் வின்மார்லியில், நீர் வடித்து மேய்ச்சலாக்கிய பழைய சதுப்பு நிலத்தை மறுபடி நீரில் ஊறவைத்து, 2020 வாக்கில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பாசி நாற்றுகளை நட்டார்கள். அங்கே கார்பனைப் பிடித்து வைப்பது நோக்கம். ஹன்க்ஹவுசனில் அறுத்த பாசி தொட்டிச் செடிகளுக்கான ஊடகமாகப் போகும், தோண்டி எடுக்கும் பீட்டின் இடத்தில். அந்த இடத்துக்கு ஏற்கனவே ஒரு போட்டியாளர் இருக்கிறார்: பொள்ளாச்சிப் பக்கத்து நார் ஆலைகளிலிருந்து கட்டி கட்டியாகக் கப்பலேறும் கோகோபீட். ஐரோப்பியத் தோட்டக்காரர் பீட் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அதன் சந்தை வளர்ந்துகொண்டிருக்கிறது. வயலில் வளர்த்த பாசியோ தரத்தில் தோண்டிய பீட்டுக்கு நிகராக இருக்க முடியும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. விலைதான் இன்னும் பல மடங்கு.